லட்டுத் தட்டோடு ஆடுகிறவர்

தனக்கோடியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது அவருடைய மகன் ஹரிபிரசாத்.

அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நினைவு நன்றாக இருந்தபோதே, டாக்டரும் மனைவி மஹாலட்சுமியும் மகனும் கட்டிலைச் சுற்றி நின்றபோதே, தெளிவாகச் சொன்னார். "செத்தா முழுசா சாவறேன். பாதி ஆளா முடிச்சூர் ரோட்டுல என்னால இருக்க முடியாது." மறுநாள் காய்ச்சல் ஏறி ஆள் அடையாளம் தெரியாமல் உளற ஆரம்பித்தார். காலில் இருந்த சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது, இனிமேல் காத்திருந்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்றார் டாக்டர். மஹாலட்சுமி மகனைப் பார்த்தாள். அவன் பேனாவை வாங்கினான்.

கண் விழித்ததும் தனக்கோடி போர்வையை விலக்கிப் பார்த்தார். யார் சம்மதித்தது என்று மனைவியிடம் கேட்டார். அவளை அறியாமல் அவள் கண் மகன் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் ஹரியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மற்றவர்களிடம் பேசினார். மனைவியிடம் பேசினார், பால்காரரிடம் பேசினார், ஊசி போட வரும் நர்ஸிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். ஹரி அதே அறையில் நின்றுகொண்டிருந்தாலும், "அவன்கிட்ட சொல்லு, தண்ணி மோட்டார் போடணும்னு" என்று மஹாலட்சுமியிடம் சொல்வார். அவள் திரும்பி மகனிடம் சொல்ல வேண்டியதில்லை. அவன் போய் மோட்டாரைப் போடுவான். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முடிச்சூர் சாலையில் 'தனக்கோடி ஸ்வீட்ஸ்' அவர் உண்டாக்கிய கடை. வயல்கள் மனையாகப் போனபோது அவர் பங்காளிகள் எல்லாம் வாடகை வீடுகளாகக் கட்டிப் போட்டார்கள். அவருக்கு வாடகை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. கடை வைத்தார். கல்லாவில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். மீசை, தொப்பை, ஊருக்கே கேட்கிற குரல். போகிறவர்கள் வருகிறவர்கள் கையில் ஒரு லட்டை வைத்து, "துன்னு பாரு, நல்லா இல்லன்னா துப்பிடு" என்பார். வெள்ளம் வந்த வருஷம் கடைக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அது வடிந்ததும் தரையை உயர்த்தி, வாசலில் படி கட்டி, மறுபடியும் அடுப்பை ஏற்றினார்.

சர்க்கரை அவருக்கு வெகுநாளாக இருந்தது. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். ஒருநாள் சமையல்கட்டில் ஜீராக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது கொதிக்கிற பாகு ஒரு கரண்டி சிந்திச் செருப்புக்குள் போயிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. பாதத்தில் உணர்ச்சி போய் எத்தனை நாளாயிற்றோ. ராத்திரி வீட்டில் செருப்பைக் கழற்றும்போது தோலும் கூடவே வந்தது. அதிலிருந்துதான் எல்லாம்.

அப்பா வாசலில் இல்லாத கடையை ஹரி நடத்த வேண்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அவர் எங்கே என்று கேட்டார்கள். முதலில் அவன் உண்மையைச் சொன்னான். சர்க்கரை, கால் எடுத்தாச்சு. ஒருநாள் மைசூர்பாகு எடை போடச் சொல்லிவிட்டு நின்ற ஒரு அம்மாள் அதைக் கேட்டாள். ஐயோ பாவம் என்றாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே பாதி போதும் என்று சொன்னாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தை ஹரி மறக்கவில்லை. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், அப்பா ஊரப்பாக்கத்தில் அத்தை வீட்டில் ரெஸ்ட் எடுக்கிறார் என்றே சொன்னான். கடையில் வேலை செய்கிறவர்களையும் அப்படியே சொல்லச் சொன்னான். அப்பா கடைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், சொந்த வீட்டின் பின்னறையில் இருந்தார்.

எதிர்ப்புறத்தில் பெரிய கம்பெனிக்காரர்களின் இனிப்புக் கடைகள் இரண்டு வந்தன. பளிங்குத் தரை, தங்க விளக்கு, ஏசி. தனக்கோடி ஸ்வீட்ஸில் ட்யூப் லைட்டும் எவர்சில்வர் தட்டும்தான். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று தெரிந்த பிறகு ஹரி ஒரு இன்டீரியர் டிசைனரைத் தேடினான். மேடவாக்கத்திலிருந்து கோகிலவாணி வந்தாள்.

முப்பது வயதிருக்கும். ஐ.டி. ஆட்களின் அபார்ட்மென்ட்களில் சமையலறையும் அலமாரியும் செய்து தருவதுதான் அவளுடைய வேலை. எல்லோரும் சாம்பல் நிறமும் வெள்ளையும்தான் கேட்கிறார்கள், சலித்துவிட்டது என்று வந்தவுடனேயே சொன்னாள். கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

"சார், பேங்க் மாதிரி இருக்கு. ஸ்வீட்ட யாராவது பசிக்காகவா வாங்கறாங்க? அது விளையாட்டு. கடையும் விளையாடணும்" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல ஹரிக்குச் சிரிப்பு வந்தது. கூரையிலிருந்து மஞ்சள் கண்ணாடி மணிகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட வேண்டும், ஜாரணிக் கரண்டியின் ஓட்டைகளிலிருந்து பூந்தி விழுகிற மாதிரி. உட்கார லட்டு லட்டாக முக்காலிகள். நடுவில் ஜாங்கிரி வளையமாக ஒரு ஊஞ்சல். கதவின் கைப்பிடி ஆள் உயரக் கரண்டி. வாசற்படிகள் மைசூர்பாகு அடுக்கு. சுவரில் முறுக்கு முறுக்காக ஒட்டி, குழந்தைகள் எத்தனை முறுக்கு உயரம் என்று அளந்துகொள்ள ஒரு இடம். ஒரு பக்கம் ஆளை ஒல்லியாகக் காட்டும் கண்ணாடி, எதிர்ப்பக்கம் குண்டாகக் காட்டுவது. ஒன்றின் மேல் 'வரும்போது' என்றும் மற்றதன் மேல் 'போகும்போது' என்றும் எழுத வேண்டும் என்றாள். ஹரி வாய்விட்டுச் சிரித்தான். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கே தோன்றியது.

அப்போது அவள் கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். மீசையும் தொப்பையுமாக, கையில் லட்டோடு, தலையைச் சாய்த்துச் சிரிக்கிற ஆள். யார் என்று கேட்டாள். அப்பா என்றான். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். ஊரப்பாக்கம் என்றான். கடைக்கு ஒரு முகம் வேண்டும், இந்த முகத்தைவிட நல்ல முகம் கிடைக்காது, ஒரு தடவை நேரில் பார்த்துப் பேச முடியுமா என்று கேட்டாள். அவருக்கு உடம்பு முடியவில்லை, படத்தை வைத்தே செய்துகொள்ளுங்கள் என்றான் ஹரி. தட்டு துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் அவள் வரைந்துகொண்டு வந்தாள். ஆள் உயரத்துக்கும் மேலான பொம்மை. மீசை இரண்டு பக்கமும் சுருண்டு மேலே போகிறது. தலைக்கு மேல் தூக்கிய கையில் தட்டு, தட்டில் லட்டுக் கோபுரம். மடித்துக் கட்டிய வேட்டி. இடது காலை ஊன்றி, வலது காலை முழங்கால் மடங்கத் தூக்கி, சிரித்துக்கொண்டே ஆடுகிறார்.

ஹரி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிடிக்கவில்லையா, கையை வேறு மாதிரி வைக்கலாமா என்று கோகிலவாணி கேட்டாள். அவன் எதையும் மாற்ற வேண்டாம் என்றான்.

"அந்தக் கால்ல விரல் எல்லாம் சரியா வரணும் மேடம்" என்று மட்டும் சொன்னான்.

வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சறுக்குப்பாதையும் வரைந்திருந்தாள். வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏற வேண்டும் அல்லவா என்றாள். ஹரி அதன் மேல் விரலை வைத்து, இந்த இடம் வண்டி நிறுத்தத் தேவைப்படும், எடுத்துவிடுங்கள் என்றான். அவள் கொஞ்சம் வாதாடிப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

பொம்மையைச் செய்தது பெருங்களத்தூரில் தகரக் கொட்டகை போட்டுத் தொழில் செய்யும் அந்தோணிசாமி. மாதா சொரூபங்களும் துணிக்கடைப் பொம்மைகளும் ஃபைபரில் செய்கிறவர். வர்ணம் பூசும் முன்பு ஹரி ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்தான். கொட்டகையில் ரசாயன நெடி கண்ணைக் கரித்தது. தலையும் கையும் இன்னும் ஒட்டவில்லை. இடுப்பிலிருந்து கீழ்ப்பாகம் மட்டும் ஒரு மர ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது, சுண்ணாம்பு நிறத்தில். ஹரி தூக்கிய காலின் பாதத்தைத் தொட்டான். குதிகால், கணுக்கால், விரல்கள். கட்டை விரலுக்குப் பக்கத்து விரல் கொஞ்சம் நீளம். அப்பாவுக்கும் அப்படித்தான். படத்தில் கால் தெரியாது. எப்படி இது வந்தது என்று அந்தோணிசாமியிடம் கேட்டான். முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் சார் இருக்கும் என்றார் அவர். ஹரி பாதத்தை உள்ளங்கையில் தாங்கினாற்போல் கொஞ்ச நேரம் நின்றான். அந்தோணிசாமி டீ சொல்லப் போய்விட்டார்.

தீபாவளிக்கு முன்பு கடை திறந்தது. அன்றைக்கே கூட்டம் தெருவரை நின்றது. குழந்தைகள் ஊஞ்சலை விட்டு இறங்க மறுத்து அழுதார்கள். 'போகும்போது' கண்ணாடிக்கு முன்னால் குண்டான ஆண்கள் இன்னும் வயிற்றை உப்பிக்கொண்டு படம் எடுத்தார்கள். பொம்மைக்குப் பக்கத்தில் நின்று, அதே மாதிரி ஒரு காலைத் தூக்கி, கையை மேலே வைத்து எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தாம்பரம் தாண்டி வண்டலூரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர்க்கடைகள் காற்று வாங்கின.

திறப்பு விழாவுக்கு மஹாலட்சுமி வந்தாள். பொம்மைக்கு முன்னால் போய் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். அப்புறம் காலைப் பார்த்தாள். கோகிலவாணி பக்கத்தில் வந்து, எப்படிம்மா இருக்கு என்று ஆவலாகக் கேட்டாள். மஹாலட்சுமி அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நீட்டிய இனிப்பை வாங்காமலே படியிறங்கிப் போனாள். அன்று இரவு சாப்பாடு வைக்கும்போது மகனிடம், அவர் காதுக்கு இது போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

போகாமல் எப்படி இருக்கும்? கார்த்திகை மாதத்தில் ஊரப்பாக்கத்துத் தங்கையின் மகன் ஒரு வீடியோவை அவருடைய போனுக்கு அனுப்பினான். மாமா, நீங்க டான்ஸ் ஆடறீங்களே என்று எழுதி, சிரிக்கிற முகங்களைப் போட்டிருந்தான். தனக்கோடி அதை எத்தனை தடவை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. மஹாலட்சுமி ரேஷன் கடைக்குப் போயிருந்த மத்தியானத்தில், தெருமுனை ஆட்டோக்காரர் குணாவை போனில் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். கடை நிறைந்திருந்தது. லட்டு முக்காலி ஒன்றில் வர்ணம் உரிந்துவிட்டது என்று அதைச் சரிபார்க்க கோகிலவாணியும் அந்தோணிசாமியும் வந்திருந்தார்கள். ஹரி கல்லாவில் இருந்தான். வெளியே அப்பாவின் குரல் கேட்டது. அந்த வாசலில் அந்தக் குரலைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. ஒரு கணம் அவனுக்கு எல்லாமே பழையபடி ஆகிவிட்டது போலிருந்தது. பிறகு எழுந்து ஓடினான்.

தனக்கோடி படிகளுக்குக் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. வலது பக்கம் வேட்டி தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆடுகிற கோலத்தில் நின்ற பொம்மையைப் பார்த்தபடி இருந்தார்.

"குணா, அவன்கிட்ட சொல்லு. என்னை உள்ள தூக்கினு போவணும்னு."

ஹரி படியிறங்கிக் கிட்டே போனான். பின்பக்கம் சமையல்கட்டு வழியாகப் போகலாம், அங்கே படி இல்லை, சரக்கு ஏற்றும் சரிவுதான், நானே தள்ளிக்கொண்டு போகிறேன் என்று மெதுவாகச் சொன்னான். தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

தனக்கோடி அவனைப் பார்க்கவில்லை. "என் கடைக்கு நான் திருடன் மாதிரி பின்னால பூந்து வரணுமான்னு கேளு, குணா."

குணா யார் பக்கமும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அந்தோணிசாமிதான் கையிலிருந்த பிரஷை வைத்துவிட்டு இறங்கி வந்தார். அவரும் குணாவும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள். மைசூர்பாகு படிகள் வழவழவென்று இருந்தன. நடுவில் ஒரு தடவை நாற்காலி சாய்ந்தது. ஹரி பின்னாலிருந்து தாங்கினான். அப்பாவின் முதுகு அவன் கையில் பட்டது. அவ்வளவு பெரிய முதுகு இப்போது எலும்பும் தோலுமாக இருந்தது.

உள்ளே பேச்சு நின்றது. ஊஞ்சலில் இருந்த குழந்தையை அதன் அம்மா இறக்கிவிட்டாள். தனக்கோடி கூரையைப் பார்த்தார், மணிகளைப் பார்த்தார். நாற்காலியைப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். ஒரே முகம்தான். பெரியதில் சிரிப்பு, சின்னதில் இல்லை. யாரோ போனை உயர்த்தினார்கள். ஒரு சின்னப் பெண், அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, பொம்மைத் தாத்தாவோட கால் எங்கம்மா என்று கேட்டாள். அந்த அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

தனக்கோடிக்கு அது கேட்டது. அவர் கோபப்படவில்லை. கையை நீட்டிக் கவுன்டரிலிருந்த தட்டில் ஒரு லட்டை எடுத்தார். பழைய மாதிரியே அந்தக் குழந்தையின் பக்கம் நீட்டி, "துன்னு பாரு கண்ணு. நல்லா இல்லன்னா துப்பிடு" என்றார்.

குழந்தை கையை நீட்டியது. அம்மா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். வேகமாக இழுக்கவில்லை, மரியாதையாகத்தான் இழுத்தாள். வேணாம் தாத்தா, சளி பிடிச்சிருக்கு என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர் பில் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கவுன்டரில் தள்ளிவிட்டு, அப்புறம் வந்து வாங்கிக்கறேன் என்று முனகியபடி போனார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தனக்கோடி அந்த லட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மென்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படாமல் மென்று விழுங்கினார். கோகிலவாணியைப் பார்த்து, இதையெல்லாம் செஞ்சது நீதானா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள்.

"நல்லா கீது. அந்தக் காலை எடுத்துடு."

"சார்?"

"தூக்கினு கீதே, அந்தக் காலு. முட்டிக்குக் கீழ. கடை என் பேர்ல கீது, நான்தான் சொல்றேன். எடுத்துடு."

கோகிலவாணி ஹரியைப் பார்த்தாள். ஹரி, வேணாம்பா என்றான். தனக்கோடி குணாவைப் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மறுநாள் காலையில் கோகிலவாணி கடைக்கு வந்தாள். கடை இன்னும் திறக்கவில்லை. லட்டு முக்காலியில் ஹரிக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை, தெரிந்திருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பேனே, அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று கேட்டாள். ஹரி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். கையெழுத்துப் போட்டதைச் சொன்னான். ஒரு வருஷமாக அப்பா பேசாததைச் சொன்னான்.

"நீங்க வரைஞ்சு காட்டினப்போ, எடுத்த கால யாரோ திருப்பிக் குடுத்த மாதிரி இருந்துச்சு மேடம். இப்ப மறுபடியும் வெட்டச் சொல்றார். என் கையால ரெண்டாவது தடவை அது நடக்காது."

அவள் எழுந்து போய் வாசற்படிகளைப் பார்த்தாள். திரும்பி வந்து, பொம்மையின் காலை விடுங்கள், முதலில் அவர் உள்ளே வர வழி செய்யுங்கள் என்றாள். வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டுச் சறுக்குப்பாதை போடலாம், தினமும் வந்து உட்காரட்டும், வாங்குகிறவன் வாங்குவான், போகிறவன் போவான் என்றாள். ஹரி சரி என்றான். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னான். மஹாலட்சுமி பின்னறைக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மணலும் சிமென்டும் வந்து இறங்கின. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் வேலையை ஆரம்பிக்கலாம் என்று இருந்தபோதுதான் மஹாலட்சுமி அந்த வாடையை முகர்ந்தாள். பழக்கமான வாடை. போர்வையை விலக்கினாள். இடது காலின் கட்டை விரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. எத்தனை நாளாக மறைத்தீர்கள் என்று கேட்டு அழுதாள். நர்ஸ் வரும்போதெல்லாம் வலிக்கிறது, தொடாதே என்று சொல்லிக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரைகள் தலையணை உறைக்குள் கிடந்தன.

ஜி.எஸ்.டி. சாலையில் போன தடவை சேர்த்த ஆஸ்பத்திரியில் சேர்க்க ஹரிக்கு மனம் வரவில்லை. குரோம்பேட்டைப் பக்கம் வேறொன்றில் சேர்த்தான். வேறு டாக்டர், அதே பேச்சு. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுத்தால் நல்லது. தனக்கோடிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று டாக்டர் ஹரியைப் பார்த்தார்.

மஹாலட்சுமி கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சி ஊட்ட முயன்றுகொண்டிருந்தாள். பாதி வாயிலும் பாதி தாடையிலுமாக வழிந்தது. ஹரி இந்தப் பக்கம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தனக்கோடி கண்ணைத் திறந்தார். தலையைத் திருப்பினார். அவனைப் பார்த்தார், நேராக, முகத்தைப் பார்த்தார்.

"ஹரி" என்றார். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வேணாம்டா" என்றார்.

ஹரி அவர் முகத்தருகே குனிந்தான். அப்பா அவன் பெயரைச் சொல்லிவிட்டார். சரிப்பா என்றான். சரிப்பா, சரிப்பா என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். தனக்கோடி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

வராண்டாவில் டாக்டர் காத்திருந்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றான் ஹரி. நினைவு வந்து வந்து போகிறவர் சொல்வதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, நன்றாக யோசியுங்கள் என்றார் டாக்டர். மஹாலட்சுமி பின்னாலேயே வந்தாள். மகனின் சட்டையைப் பிடித்தாள்.

"கையெழுத்தப் போட்டுடுடா. பேசாட்டி போறார். ஆளு இருந்தா போதும்."

ஹரி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவர் என்கிட்டயே சொல்லிட்டாரும்மா என்றான். அவள் வராண்டாவிலேயே கத்தி அழுதாள். டாக்டர் இரண்டு தடவை திரும்பி வந்து கேட்டார். அந்தோணிசாமியும் கோகிலவாணியும் பார்க்க வந்திருந்தார்கள். அவளும் கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்தாள். ஹரி எல்லோரிடமும் முடியாது என்றுவிட்டு உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர் மறுபடி பேசுவார் என்று காத்திருந்தான். அவர் பேசவில்லை. மருந்துகள் ஏறிக்கொண்டிருந்தன. சிறுநீர் நின்றது. இரண்டாம் நாள் விடியும் நேரத்தில் மூச்சும் நின்றது.

முடிச்சூர் ஏரிக்கரைப் பக்கம் எரித்தார்கள். பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். கடை காரியம்வரை மூடியிருந்தது. திறந்தபோது பொங்கல் நெருங்கியிருந்தது, கூட்டம் முன்னைவிட அதிகம். அன்றைக்குக் கடையில் அவர் லட்டு நீட்டிய வீடியோ எங்கெங்கோ சுற்றியிருந்தது. பார்த்தவர்களில் சிலர் வராமல் போனார்கள். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டே வந்தார்கள், இவர்தானா அவர் என்று பொம்மைக்கு முன்னால் கைகூப்பிவிட்டு, பிறகு பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பொம்மையை எடுத்துவிடட்டுமா என்று கோகிலவாணி போனில் கேட்டாள். ஹரி வேண்டாம் என்றான். மேடவாக்கத்தில் ஒரு கிளை திறக்க ஆள் வந்து கேட்கிறார்கள், நீங்கள் செய்வீர்களா என்று அவன் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றவள் பிறகு கூப்பிடவில்லை.

மஹாலட்சுமி மகனோடு சண்டை போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், துணி துவைத்துப் போட்டாள். வேண்டியதைப் பேசினாள். தை மாதத்தில் ஒருநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஸ்பூன் என் கையில இருந்துச்சு. அவர் வாயண்ட வச்சிருந்தேன்" என்றாள். "கஞ்சியத்தான் வேணாம்னார்டா."

ஹரி சாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. "என் பேரச் சொன்னாரும்மா."

"கூப்பிட்டார். உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு, கூப்பிட்டார். அப்புறம் கஞ்சி தொண்டையில நிக்குது, வேணாம்னார். ரெண்டையும் சேத்துக்கினது நீ."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. எழுந்து போய் ரசத்தை எடுத்துவந்து ஊற்றினாள். அதற்குப் பிறகு ஊரப்பாக்கத்து நாத்தனார் வந்தபோதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டபோதும், அவன் காதில் விழும்படியே அதைச் சொன்னாள், குரலை உயர்த்தாமல், மற்ற விஷயங்களைச் சொல்வதைப் போல. ஆரம்பத்தில் ஹரி அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவான். பிறகு போவதை நிறுத்தினான். உட்கார்ந்து கடைசிவரை கேட்பான். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகத்தை, அந்தக் கண்களை, கஞ்சி வழிந்த தாடையை நினைவுக்குக் கொண்டுவந்து பார்ப்பான். எதை வேண்டாம் என்றார் என்று அவனுக்குத் தெரியவில்லை.